எத்தனை விடியல்? குரூகர் காட்டுக்குப் போட்ட இரண்டு திட்டங்கள்

மூன்று நாடு, ஐந்து ஊர், பத்து இரவு. டிசம்பரில் கோவையில் ஒரு டிராவல்ஸ்காரர் அனுப்பிய திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். பார்க்க அழகாக இருந்தது. நாளுக்கொரு படம் போட்டிருந்தார்: யானை, அருவி, படகு, பென்குயின். என் மனைவி அதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.

மே மாதம் நாங்கள் போய்வந்தது அந்தப் பயணம் அல்ல. தென்னாப்பிரிக்கா மட்டும், குரூகர் தேசியப் பூங்கா மட்டும், எட்டு இரவு. ஏன் மாற்றினோம், எதை விட்டுக்கொடுத்தோம், மாற்றிய பிறகும் எங்கெங்கே சறுக்கினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆப்பிரிக்க சஃபாரி என்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டு அடிக்கடி போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் இதை அனுப்பிவிடலாம்.

போனவர்கள் நான்கு பேர். நான், மனைவி, 13 வயது மகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், மூட்டு வலி, முழு சைவம். நான் சிங்கம் பார்க்க வேண்டும் என்றேன். மகள் ஒட்டகச்சிவிங்கி என்றாள். மனைவிக்கு விக்டோரியா அருவி. அம்மா மட்டும், "எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ, தயிர்சாதம் கிடைக்குமான்னு மட்டும் பாத்துக்க" என்றார். கடைசியில் திட்டத்தை அதிகம் மாற்றவைத்தது அந்தத் தயிர்சாதம்தான். அது பிறகு.

முதல் திட்டம் எங்கே உடைந்தது

திட்டப்படி குரூகரில் இரண்டு இரவு. அங்கிருந்து விமானத்தில் ஜிம்பாப்வே பக்கமிருந்து விக்டோரியா அருவி, இரண்டு இரவு. சாலை வழியாக போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்கா, ஓர் இரவு. சின்ன விமானத்தில் ஒகவாங்கோ டெல்டா, இரண்டு இரவு. முடிவில் கேப்டவுன், மூன்று இரவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையில்லாமல் கூகுள் மேப்பில் அந்தத் தங்குமிடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். முதல் விரிசல் அங்கேயே விழுந்தது. "குரூகரில் 2 இரவு" என்று போட்டிருந்த லாட்ஜ் குரூகரில் இல்லை. பூங்காவுக்கு வெளியே, ஹேசிவியூ ஊர்ப் பக்கம் இருந்தது. அந்த இடத்தில் தப்பில்லை, நல்ல லாட்ஜாகவும் இருக்கலாம். ஆனால் காலையில் அங்கிருந்து கிளம்பி, வாசலுக்குப் போய், வரிசையில் நின்று, பதிவு முடித்து உள்ளே நுழைவதற்குள் வெயில் ஏறிவிடும். உள்ளே முகாமில் தங்கியவர் கதவு திறந்ததும் காட்டில் இருப்பார்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி எல்லாம் இரவிலும் குளிர்ந்த நேரத்திலும் நடமாடுபவை. விடிந்து இரண்டு மூன்று மணி நேரம் வரை சாலையிலோ சாலையோரத்திலோ கண்ணில் படும். பத்து மணிக்கு மேல் புதருக்குள் படுத்துவிட்டால், பத்தடி தள்ளிக் காரை ஓட்டிப் போனாலும் தெரியாது. மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரம் மறுபடி நடமாட்டம் தொடங்கும். நடுப்பகலில் தண்ணீர்க்கரையில் யானையும் வரிக்குதிரையும் வரும்தான், ஆனால் காத்திருந்து பார்க்கும் காட்சி அது. ஆகவே சஃபாரியில் நாம் காசு கொடுத்து வாங்குவது விடியலைத்தான். அறை, சாப்பாடு, விமானம் எல்லாம் அந்த விடியலுக்குப் போய்ச் சேருவதற்கான செலவு.

அதனால் திட்டத்தை விடியலால் எண்ணிப் பார்த்தேன். காட்டுக்குள் அவசரமில்லாமல் இருக்கக்கூடிய காலைகள் மொத்தம் எத்தனை? குரூகரில் ஒன்று, இரண்டாவது காலை விமானத்துக்கு ஓடவேண்டும். அருவியில் கிடையாது. சோபேயில் ஒன்று. ஒகவாங்கோவில் ஒன்று, இன்னொன்று அரைகுறை. கேப்டவுனில் பென்குயின். தாராளமாகக் கணக்கிட்டாலும் மூன்று, மூன்றரை. பத்து இரவுக்குக் காசு கொடுத்து மூன்று விடியல். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் ஒரு காலையோ மாலையோ பெட்டி கட்டுவதிலும் விமான நிலையத்திலும் போய்விடுகிறது.

மற்ற சிக்கல்கள் இதன் பின்னாலேயே வரிசையாக வந்தன. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா மூன்றுக்கும் விசா வேண்டும். போட்ஸ்வானாவிலிருந்து கேப்டவுனுக்குத் திரும்புவதால் தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டாவது முறை நுழைகிறோம். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா கிடைத்தால் அத்தோடு முடிந்தது கதை. ஒகவாங்கோவின் சின்ன விமானங்களில் ஆளுக்கு 15 அல்லது 20 கிலோ, அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது, துணிப்பைதான். எங்கள் வீட்டில் அம்மாவின் மருந்துப் பெட்டியே நான்கு கிலோ.

ஒகவாங்கோவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அங்கோலா மேட்டு நிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் சொட்டு மழை இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில் டெல்டாவை நிறைக்கிறது. சுற்றிலும் காய்ந்து கிடக்க, நடுவில் வெள்ளம். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000-வது இடமாகச் சேர்ந்தது அது. 2022-ல் டெல்டாவையும் அதைச் சுற்றிப் பரந்த காடுகளையும் ஐந்து நாடுகள் சேர்ந்து வானிலிருந்து எண்ணியபோது அந்தப் பரப்பு முழுவதிலும் சுமார் 2,27,900 யானைகள் தேறின. அதில் பாதிக்கு மேல் போட்ஸ்வானாவில். ஆனால் அந்த நாட்டின் கொள்கையே ஆள் குறைவு, விலை அதிகம் என்பது. அங்கே போனால் ஐந்தாறு நாள் உட்காரவேண்டும். இரண்டு இரவுக்கு எட்டிப் பார்ப்பதற்கு அந்த விலை கட்டாது. எங்கள் பட்ஜெட்டில் ஐந்தாறு நாளும் கட்டாது. சரி, அது இன்னொரு ஜென்மத்துக்கு.

அருவியை விட்டுக்கொடுக்க மனைவி சுலபத்தில் சம்மதிக்கவில்லை. மார்ச் முதல் மே வரை அருவி விழும் சாம்பேசி ஆற்றில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும், சாரல் மூடி அருவியே சரியாகத் தெரியாமல் போவதுண்டு என்று நான் வாதாடினேன். உண்மைதான், ஆனால் என் வசதிக்காகச் சொன்ன உண்மை என்பது அவளுக்கும் தெரியும். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை அவளே கிழித்தாள். பேச்சு திரும்ப இரண்டு நாள் ஆனது.

மே என்பது நமக்கு வாய்த்த மாதம்

தெற்கு ஆப்பிரிக்காவில் மழைக்காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அப்போது புல் ஆளுயரம், குட்டைகள் எங்கும் தண்ணீர், மிருகங்கள் சிதறிவிடும். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நாளாக நாளாக இலை உதிர்ந்து, குட்டை வற்றி, மிருகங்கள் ஆற்றுப் பக்கம் கூடும். பார்ப்பதற்கென்றே போனால் ஆகஸ்ட், செப்டம்பர் இன்னும் மேல். ஆனால் நம் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய. அவர்களின் குளிர்கால விடுமுறை ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வருகிறது, அப்போது உள்ளூர்க்காரர்களே முகாம்களை நிரப்பிவிடுவார்கள். இடையில் மே மாதம் கூட்டம் குறைவு, மழை இல்லை, பகலில் நம் ஊர் மார்கழி வெயில். நமக்காகவே ஒதுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. குறை ஒன்றுண்டு: புல் இன்னும் முழுக்கப் படுத்திருக்காது. அந்தக் குறையை நாங்கள் லேசாக எடுத்துக்கொண்டு காரில் கோட்டை விட்டோம்.

அரசுப் பூங்கா முகாம்களுக்கு 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். நாங்கள் கணினியைத் திறந்தது ஜனவரியில். சபி ஆற்றங்கரையில் இருக்கும் லோயர் சபி முகாமில் சமையல் வசதியுள்ள வீடு ஒன்றுகூடக் காலியில்லை. யாராவது ரத்து செய்வார்கள் என்று தினமும் காலை காபியோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாம் நாள் மூன்று இரவு விழுந்தது. அதை வைத்து மற்றதைச் சுற்றிக் கட்டினோம்: லோயர் சபியில் மூன்று, சட்டாராவில் மூன்று, ஸ்குகுசாவில் இரண்டு.

இந்த மூன்றும் பூங்காவின் தெற்கிலும் நடுவிலும் இருப்பவை. குரூகர் வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 360 கிலோமீட்டர் நீளம். பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே மோபானிப் புதர்க்காடு அடர்ந்து, மிருகம் கண்ணில் படுவது குறையும். வடகோடியில் பறவைக்காரர்களுக்கு வேறு சொர்க்கம் உண்டு. முதல் தடவை போகிறவர் தெற்கிலேயே நின்றுகொள்வது நல்லது. ஒரே பூங்காவுக்குள் முகாம் மாறுவதில் இன்னொரு லாபம்: இடம் மாறும் நாளும் காட்டு வழியாகத்தான் போகிறோம், விடியல் வீணாகாது. இரண்டாவது திட்டத்தில் எங்களுக்கு எட்டு இரவுக்கு எட்டு விடியல்.

தங்குமிட வாடகை தவிர, ஆளுக்கு நாள் கணக்கில் பாதுகாப்புக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவருக்கு இப்போது 500 ராண்டுக்கு மேல். 12 வயது நிறைந்தால் பெரியவர் கணக்கு. நான்கு பேர், எட்டு நாள் என்றால் குறைந்தது 16,000 ராண்ட். ராண்டுக்கு ஐந்து ரூபாய் வைத்தால் 80,000 ரூபாய். திட்டம் போடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் வைல்டு கார்டு என்ற ஆண்டு அட்டையைக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். குடும்ப அட்டையில் இரண்டு பெரியவர்களும் பிள்ளைகளும்தான் வருவார்கள், பாட்டிக்கு இடமில்லை. அம்மாவுக்கு மட்டும் நாள் கட்டணம் கட்டினோம். "நான் மட்டும் தனியா?" என்று அம்மா கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

ஊசி, மாத்திரை, பெயரில்லாத சான்றிதழ்

விமானத்தில் விலை குறைந்த டிக்கெட் அடிஸ் அபாபா வழியாகக் கிடைத்தது. ஆளுக்கு நல்ல மிச்சம். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அங்கே நீண்ட நேரம் தங்கி மாறினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்று கேட்கும். திரும்பி வரும்போது இந்தியா இன்னும் கறார்: சான்று இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். விமான நிலையத்தைவிட்டு வெளியே போகாமல் விமானம் மாறியவருக்கு விலக்கு உண்டு என்றாலும், அந்த நேரத்தில் முன்னால் நிற்கும் சுகாதார அதிகாரிதான் முடிவு செய்வார்.

ஊசி போட்டுக்கொண்டால் போயிற்று, சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்று செல்லும் என்று நினைத்தேன். எங்கள் மருத்துவர் அம்மாவின் வயதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். 60 வயதுக்கு மேல் இந்த ஊசியின் கடுமையான பக்கவிளைவுக்கு வாய்ப்பு கூடுதல். அந்த நோய் உள்ள ஊருக்கே போகாதவருக்கு டிக்கெட் மிச்சத்துக்காக ஏன் போடவேண்டும் என்றார். கொச்சியிலிருந்து வளைகுடா வழியாக, கூடுதல் காசுக்கு டிக்கெட் போட்டோம். இந்தப் பயணத்தில் யோசிக்காமல் கொடுத்த கூடுதல் காசு அது ஒன்றுதான்.

மலேரியா வேறு கணக்கு. குரூகர் மலேரியாப் பகுதி. மே மாதம் கொசு குறைந்துகொண்டு வரும் நேரம், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவர் எங்களுக்கு டாக்சிசைக்ளின் எழுதினார். போவதற்கு முந்தைய நாள் தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் ஒன்று. வயிறு நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கவேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இது ஆகாது. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டார் சாப்பிட்டதை நாமும் வாங்கக்கூடாத மருந்துகள் இவை.

விசாவில் எங்களை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது மகளின் பிறப்புச் சான்றிதழ். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள சான்றிதழ் கேட்கிறார்கள். எங்கள் பெயர் இருந்தது, பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. மருத்துவமனையில் பதிந்த சூட்டோடு வாங்கிய சான்றிதழ். அப்புறம் பெயர் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. 13 வருடம் பள்ளி, பாஸ்போர்ட் என்று எல்லாம் எப்படியோ நடந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் பீரோவைத் திறந்து இப்போதே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டுநர் உரிமம் சுலபம். அங்கேயும் இடதுபக்க ஓட்டம்தான். நம் உரிமத்தோடு ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டேன்.

தயிர்சாதம்

முகாம் உணவகங்களில் சைவம் என்றால் பீட்சா, சாலட், வறுத்த உருளைக்கிழங்கு. எட்டு நாள் அம்மாவுக்கு அது ஆகாது. சமையல் வசதியுள்ள வீட்டைப் பிடித்துத் தொங்கியதற்கும், பத்தொன்பது நாள் காத்ததற்கும் காரணம் இதுதான். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய அன்றைக்கு ஓட்டவில்லை. இரவில் அந்தச் சாலைகளில் ஓட்டவேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், கேட்டுக்கொள்வது நல்லது. மறுநாள் காலை ஃபோர்ட்ஸ்பர்க் போனோம். பழைய இந்தியக் கடைத்தெரு. துவரம்பருப்பு, பெருங்காயம், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் கிடைத்தது. அரிசியும் தயிரும் வழியில் ம்பொம்பெலா சூப்பர் மார்க்கெட்டில். என்4 நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டிக்கொண்டே போய் குரோகடைல் பிரிட்ஜ் வாசலில் நுழைந்தபோது மணி மூன்றரை. அங்கிருந்து முகாமுக்கு 34 கிலோமீட்டர்தான். வந்து சேர இரண்டு மணி நேரம் பிடித்தது, ஏனென்றால் மகள் கேட்ட ஒட்டகச்சிவிங்கி ஏழாவது கிலோமீட்டரிலேயே சாலை நடுவில் நின்றது.

சமையல்கட்டு வீட்டுக்குள் இல்லை, திண்ணையில் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குக் கம்பிக் கதவு. ஏன் என்று முதல் காலையே தெரிந்தது. அம்மா ரசத்துக்குத் தக்காளி நறுக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். சாம்பல் நிறக் குரங்கு ஒன்று கிண்ணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு கூரைமேல் போய், எங்களைப் பார்த்தபடியே சாப்பிட்டது. கீழே அதன் உறவுக்கூட்டம் மொத்தமும் முறை வைத்துக் காத்திருந்தது. "பழனியிலயும் இதே கதைதான்" என்றார் அம்மா. அதற்கப்புறம் ஒருவர் சமைத்தால் ஒருவர் கம்போடு காவல்.

லோயர் சபி, மூன்றாம் நாள் மாலை

ஸ்குகுசாவுக்கும் லோயர் சபிக்கும் நடுவில் சபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலைக்கு எச்4-1 என்று பெயர். 46 கிலோமீட்டர். குரூகரிலேயே சிறுத்தைக்குப் பேர் போன சாலை. சிறுத்தை ஆசையில் நான் மாலையில் அதிகத் தூரம் போய்விட்டேன். மே மாதம் முகாம் கதவு மூடுவது 5.30-க்கு. 4.40-க்குத் திரும்பினேன். 20 கிலோமீட்டர்தானே, தார்ச்சாலையில் 50 வேகம் போகலாம், அரை மணி நேரம் என்பது என் கணக்கு.

முகாமுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது வளைவில் ஒற்றைக் கொம்பன் யானை எதிரே வந்தான். சாலை நடுவில், தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவசரமில்லாத நடை. நான் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அப்படித்தான் எங்கோ படித்திருந்தேன். பின் சீட்டில் கேமரா சத்தம்.

முன் சீட்டில் அம்மா. ஆனைமலையில் பிறந்து வளர்ந்தவர். டாப்ஸ்லிப் முகாம் யானைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தார்.

"கண்ணு, கன்னத்தப் பாரு. ஒழுகுது."

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு, எண்ணெய் ஊற்றியதுபோல் வாயோரம் வரை இறங்கியிருந்தது. பின்னங்கால்களின் உள்பக்கமும் ஈரம்.

"மதம். வண்டிய எடு. பின்னால எடு, திருப்பாத."

எஞ்சினைப் போட்டுப் பின்னோக்கி நகர்ந்தேன். அவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் ஒரு வேன் நின்றது; ஓட்டியவர் உள்ளூர்க்காரர் போலிருக்கிறது, நான் கையைக் காட்டுவதற்கு முன்பே அவரும் பின்வாங்கத் தொடங்கியிருந்தார். இரண்டு வண்டியும் அப்படியே அரைக் கிலோமீட்டருக்கு மேல் போனோம். மகள் கேமராவை மடியில் வைத்துவிட்டு, "ஆத்தா, இப்ப என்ன பண்ணும்?" என்று கேட்டாள். "அதுக்கே தெரியாது" என்றார் அம்மா. ஒரு மருலா மரத்தடி வந்ததும் அவன் நின்றான். மரத்தில் நெற்றியை வைத்துத் தேய்த்தான். அப்புறம் ஆற்றுப் பக்கம் இறங்கிப் போய்விட்டான். போன பிறகும் அம்மா ஐந்து நிமிடம் காரை நகர்த்தவிடவில்லை.

முகாம் வாசலில் 5.48. கதவு மூடியிருந்தது. காவலர் டார்ச்சோடு வந்து, சாவியைத் திருப்பிக்கொண்டே பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொண்டார். யானை என்றேன். தினமும் யாராவது ஒருவர் யானை என்றுதான் சொல்கிறார்கள் என்றார். அபராதம் போட அவருக்கு உரிமை உண்டு. அன்றைக்கு எச்சரித்து விட்டுவிட்டார்.

தப்பு என்னுடையது. காட்டுச் சாலையில் வேக வரம்பு தாரில் 50, மண்ணில் 40 என்பது மேல் எல்லை மட்டுமே. மிருகத்துக்கு நின்று நின்று போனால் சராசரி 20, 25-ஐத் தாண்டாது. அன்றிலிருந்து திரும்பும் வழிக்குக் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் ஒருமுறைகூடத் தாமதமாகவில்லை. இரண்டு நாள் சீக்கிரமே வந்து, ஆற்றைப் பார்த்த மரத்தளத்தில் உட்கார்ந்து, நீர்யானை கொட்டாவி விடுவதை வேடிக்கை பார்த்தோம்.

சட்டாராவும் ஸ்குகுசாவும்

சட்டாராவைச் சுற்றி முட்மரங்கள் தூவிய புல்வெளி. இரவில் படுக்கையில் கிடந்தபடியே சிங்கம் உறுமுவது கேட்டது. கர்ஜனை என்று சொல்வதைவிட, தூரத்தில் யாரோ கனமான மேசையை இழுப்பது போல. விடியலில் எஸ்100 மண்சாலைக்குப் போனோம். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஏழு சிங்கங்கள் எங்களுக்கு முன்னால் சாலையிலேயே நடந்தன, இருபது நிமிடம், திரும்பிக்கூடப் பார்க்காமல். மூன்று விடியலில் ஒன்றுதான் பலித்தது. முதல் திட்டத்தில் மொத்தமே மூன்றுதான் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பூங்காவின் சஃபாரி லாரியில் இரண்டு முறை போனோம்: ஒரு விடிகாலை, ஒரு அந்தி. கதவு திறப்பதற்கு முன்பும் மூடிய பிறகும் காட்டில் இருக்க அந்த லாரிக்கு மட்டும் அனுமதி. காசு கொடுத்துப் போகவேண்டியது இதற்காகத்தான். பகல் நேரத்தில் நம் காரே போதும். அந்தி சவாரியில் புனுகுப்பூனையும் முள்ளம்பன்றியும் பார்த்தோம். மே மாதக் குளிர் திறந்த லாரியில் எலும்பில் இறங்கியது. அம்மா வீட்டிலிருந்த போர்வையையே சுற்றிக்கொண்டு வந்திருந்தார், லாரியிலேயே புத்திசாலி அவர்தான்.

சட்டாராவிலிருந்து ஸ்குகுசா 93 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம். ஸ்குகுசா என்றால் என்ன என்று மகள் கேட்டாள். 1902-ல் இங்கே முதல் காவலராக வந்த ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு சோங்கா மக்கள் வைத்த பட்டப்பெயர், துடைத்துப் பெருக்குகிறவன் என்று பொருள் சொல்கிறார்கள். வேட்டைக்காரர்களை மட்டும் பெருக்கவில்லை, அங்கே குடியிருந்தவர்களையும் சேர்த்துத்தான். பின்னாளில் வடகோடியிலும் அதுவே நடந்தது. 1969-ல் மகுலேக்கே மக்களை வெளியேற்றி அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தார்கள். 1998-ல்தான் உரிமை திரும்பியது. நிலத்தைத் திரும்பப் பெற்றவர்கள் அதைக் காடாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். மகள் இதைத் தன் நோட்டில் சிங்கத்துக்குக் கீழே எழுதிக்கொண்டாள்.

முகாம்களில் அன்றன்றைக்கு எந்த மிருகம் எங்கே தென்பட்டது என்று குறிக்கும் பலகை இருக்கும். அதில் காண்டாமிருகத்தைக் குறிப்பதில்லை. கள்ள வேட்டைக்காரர்களுக்கு வழி சொன்னதாகிவிடும். நாங்களும் பார்த்தோம், எங்கே என்று இங்கே எழுதவில்லை.

சறுக்கியவை

கார். வாடகை குறைவென்று சின்ன செடான் எடுத்தேன். சாலைக்கு அது தாராளம். ஆனால் மே மாதப் புல்லுக்கு மேலே பார்க்க உயரம் போதவில்லை. பக்கத்தில் நின்ற உயரமான வண்டிக்காரர்கள் ஏதோ பார்த்து வியந்துகொண்டிருக்க, நாங்கள் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவிங்கிப்புலி ஒன்றை அப்படித்தான் கோட்டைவிட்டோம் என்பது என் சந்தேகம்.

பைனாகுலர். நான்கு பேருக்கு ஒன்று. இரண்டாம் நாளே சண்டை. குறைந்தது இரண்டு வேண்டும்.

ஐந்தாம் நாள் மகளுக்கு இம்பாலா மான்களைப் பார்த்தே அலுத்துவிட்டது. "இம்பாலான்னு இன்னொரு தடவ சொன்னா நான் இறங்கிருவேன்" என்றாள். இறங்கக்கூடாது, அதுதான் பிரச்சினை. குறித்த இடங்கள் தவிர காரைவிட்டு இறங்க அனுமதியே இல்லை. அன்றைக்கு மதியம் முழுக்க நீச்சல் குளத்தில் விட்டோம். இப்படி ஒரு மதியத்தைத் திட்டத்திலேயே காலியாக வைத்திருக்கவேண்டும். பூங்காவை ஒட்டியுள்ள சபி சாண்ட், டிம்பாவடி தனியார் காடுகளில் வழிகாட்டிகள் சாலையைவிட்டு இறங்கி மிருகத்தின் பக்கத்திலேயே கொண்டுபோவார்கள், அலுக்க நேரமே இருக்காது. அங்கே ஓர் இரவுக்கு ஆளுக்குப் பல நூறு டாலர். வசதி இருப்பவர் கடைசி இரண்டு இரவை அங்கே வைக்கலாம். எங்களுக்கு அது கணக்கிலேயே வரவில்லை.

சிறுத்தை கடைசிக் காலையில் வந்தது. பெட்டியெல்லாம் ஏற்றி, பூங்காவைவிட்டு வெளியேறும் வழியில், பால் க்ரூகர் வாசலுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால். அத்தி மரக்கிளையில் காலைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தது மனைவி.

போன வாரம் மச்சான் போன் பண்ணினார். டிசம்பர் லீவுக்கு அவரும் போகவேண்டுமாம், நான்கு வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள், கையில் ஏழு நாள், அதில் குரூகரும் கேப்டவுனும். டிசம்பரில் மழை, மலேரியா, ஆளுயரப் புல் என்று சொன்னேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிலானெஸ்பர்க் இருக்கிறது, பழைய எரிமலை வட்டத்துக்குள் சின்னக் காடு, மலேரியா கிடையாது, அங்கே நான்கு இரவு தங்கிவிட்டு வாருங்கள், ஜிம்பாப்வே பக்கமெல்லாம் வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் மாப்பிள்ளை என்று வைத்துவிட்டார். நேற்று அவர் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், விக்டோரியா அருவியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.